தூணுக்குப் பின்னால் ஒரு டிரம்

சைக்கிள் ஸ்டாண்டில் வைத்துத்தான் கேட்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வண்டியை எடுக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து நிற்பார்கள். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, "அண்ணே, எங்க சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார்கள். சித்தப்பாவுக்குப் பாதம் மதமதவென்று இருக்கிறதாம், அது சர்க்கரையாலா என்பார் ஒருவர். இன்னொருவருக்கு மச்சினன். மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்தில் அந்த மச்சினனுக்குக் கை நடுங்குகிறதாம். எங்கள் மில்லில் வேலை செய்கிறவர்களுடைய சித்தப்பாக்களுக்கும் மச்சினன்களுக்கும் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்பது கும்மிடிப்பூண்டியில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். சித்தப்பாக்கள் படித்துக்கொள்ளட்டும்.

என் பெயர் ஏகாம்பரம். கம்பி உருட்டுகிற மில்லில் கிரேன் ஓட்டுகிறேன். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடுகிற கிரேன் அது. அதில் தொங்குகிற கண்ணாடிக் கேபின்தான் என் இடம். உலைக்குப் போகிற இரும்புக் கட்டைகளை எடுத்து வைப்பேன். அவை வெந்து, நீண்டு, கம்பிக்கட்டாகி வரும்போது தூக்கி அடுக்குவேன். கீழே ஆட்கள் நடமாடிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் தலைக்கு மேலே டன் கணக்கில் சுமை போகும். எனக்குத் தெரிந்த ஒரே வேலை இதுதான். இதில் நான் கெட்டிக்காரன் என்று நானே சொல்லிக்கொள்வேன், வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

கண்ணாடி வாங்கப் போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் பவர் பார்த்துக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அது சரியாகத் தெரியவில்லை என்று திரும்பப் போனேன். மறுபடி பார்த்தார், பவர் வேறாக இருந்தது. கண்ணில் கோளாறு இல்லை, போய் சர்க்கரை பாருங்கள் என்றார். பஜார் கிளினிக்கில் பார்த்தார்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள்ளிருக்கிற லென்ஸும் வீங்கி வடியுமாம். அதனால் பவர் ஒரு நிலையில் நிற்காது. மூன்று மாத சர்க்கரை என்று ஒரு டெஸ்ட்டும் எடுத்தார்கள். அன்றைக்கு என்ன தின்றோம் என்பதை அது பார்ப்பதில்லை, கடந்த மூன்று மாதம் எப்படி வாழ்ந்தோம் என்பதன் சராசரியைச் சொல்லிவிடும். நான் வாழ்ந்தது சரியில்லை என்று வந்தது.

முதலில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அதை நான் கம்பெனியில் சொல்லவில்லை. எங்களில் யாருமே சொல்வதில்லை. கிரேன், உயரத்து வேலை, உலை வாசல், இதற்கெல்லாம் வருஷத்துக்கு ஒரு தடவை மெடிக்கல் செக்கப் உண்டு. அதற்கு முந்தைய வாரம் பாதிப்பேர் சோற்றைத் தொடமாட்டோம். அந்த வாரம் மட்டும் அரிசியைக் குறைத்துப் போட வேண்டும் என்று கேன்டீன் மாஸ்டருக்கே தெரியும். இன்சுலின் ஊசி போடுகிற நிலைமைக்கு வந்தால் கிரேனிலிருந்து இறக்கிவிடுவார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

வீட்டில் என் மனைவி அமுலு அடுப்பைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்பும் அது அவள் கையில்தான் இருந்தது, ஆனால் அதுவரைக்கும் என் வாய்க்குக் கொஞ்சம் மரியாதை இருந்தது. அவளுக்குக் கடம்பத்தூர். பிறந்த வீட்டில் சொந்த நிலம் உண்டு, அறுவடைக்கு அறுவடை அரிசி மூட்டை வரும். அதை நிறுத்தச் சொல்லிவிட்டாள். அவள் தம்பி லோகநாதனுக்கு அது பெரிய அவமானம். எங்கள் நெல் இன்னா விஷமா என்று போனில் சண்டை போட்டான். எனக்குக் காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் ஒரு கரண்டி சோற்றுக்கு ஒரு சட்டிக் கீரை, ராத்திரிக்கு மீனோ முட்டையோ. டீயில் சர்க்கரை கிடையாது. விடியற்காலையில் வெந்தயத் தண்ணீர். நான் முணுமுணுத்தேன், ஆனால் ஒழுங்காகச் சாப்பிட்டேன். இதை அழுத்திச் சொல்கிறேன், ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

சர்க்கரை இறங்கவில்லை, ஏறியது.

இரண்டாவது மாத்திரை வந்தது. வயிற்றுக்குள் கணையம் என்று ஒன்று இருக்கிறது, இன்சுலினைச் சுரப்பது அதுதான். இந்த மாத்திரை அதைக் கிள்ளிக் கிள்ளி வேலை வாங்கும். நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிள்ளும். அதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். அப்போதைக்கு, சாப்பாட்டுக்கு முன்னால் போடுங்கள் என்றார்கள், போட்டேன். மறுமுறை பார்த்தபோதும் சர்க்கரை இறங்கவில்லை. அளவைக் கூட்டினார்கள். அதற்கு மறுமுறை இன்னும் கூட்டினார்கள். இதற்கும் மேலே போனால் ஊசிதான் ஏகாம்பரம் என்றார் டாக்டர். அன்றைக்கு கிளினிக்கை விட்டு வெளியே வந்து பஜாரில் நின்றபோது, கேபினிலிருந்து இறங்குகிற இரும்பு ஏணிதான் கண்ணுக்குள் வந்தது. பயமாக இருந்தது. வேறு என்ன சொல்ல?

வார லீவில் மட்டும் ஒரு மாதிரி இருக்கும். கை நடுங்கும், பனியன் நனைகிற அளவுக்கு வேர்க்கும், எரிச்சல் வரும். சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு இருந்த ஒரு கரண்டிச் சோற்றையும் விட்டுவிடுவேன். லோகநாதன் பாகற்காய், நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான் எல்லாம் போட்ட கேப்சூல் என்று ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தான். அரிசி வாங்காத கோபத்தை அவன் அப்படித்தான் தீர்த்துக்கொண்டான். அதையும் விழுங்கினேன்.

அமுலு என்னை நம்பவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்கமாட்டேன். அவள் போடுகிற சாப்பாட்டைத் தின்று ஒருத்தனுக்குச் சர்க்கரை ஏறுகிறது என்றால் அவன் வெளியே எங்கேயோ மேய்கிறான் என்றுதான் அர்த்தம். என் சட்டைப்பையை மோந்து பார்த்தாள். கம்பெனி வாசல் டீக்கடையில் போய் விசாரித்தாள். கடைசியில் பெரியபாளையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் அம்மன் சந்நிதியில் நிறுத்தி, இனிப்பு தொட்டீங்களா இல்லையா என்று கேட்டாள். தொடவில்லை என்று சத்தியம் செய்தேன். அவளோ, நான் பொய்ச் சத்தியமும் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

பராமரிப்புக்காக மில்லை நிறுத்தினார்கள். அதை ஷட்டவுன் என்போம். கிரேன் ஆட்களுக்கு லீவு. அமுலு என்னைக் கடம்பத்தூருக்குக் கூட்டிப்போனாள். முதல் நாள் வழக்கம்போல வேர்த்துக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் நாள் காலையில் மாத்திரை, கேப்சூல், வெந்தயத் தண்ணீர் எல்லாம் முறையாக உள்ளே போனது. அரைக்கிண்ணம் கூழ் குடித்தேன். அதற்குப் பிறகு நடந்ததை மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மத்தியானம் லோகநாதன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, கிரேனுக்குச் சைகை காட்டுகிற மாதிரி கையைச் சுழற்றி, "எறக்கு, எறக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேனாம். சாப்பிடக் கூப்பிட்டவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேனாம். கால் பின்னியதாம். லோகநாதன் பக்கத்தில் வந்து, "மாமா, வாய ஊதுங்க" என்றிருக்கிறான். தெருவில் நாலு பேர் சிரித்திருக்கிறார்கள். நான் குடிக்கிறவன் இல்லை. அமுலுதான் கத்தியிருக்கிறாள்: "அவரு குடிக்கிற ஆளு இல்லடா. இது வேற இன்னாவோ."

பக்கத்து வீட்டு அம்மாள் ஒருவர் கலர் சோடா ஒன்றை உடைத்து எடுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறார், மயக்கத்துக்கு நல்லது என்று. அமுலு அதைத் தட்டிவிட்டிருக்கிறாள். சர்க்கரைக்காரனுக்கா கலர் கொடுக்கிறீர்கள் என்று அந்த அம்மாளிடம் சண்டைக்கே போய்விட்டாள். அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது அந்தக் கலர்தான். கொஞ்ச நேரத்தில் நான் விழுந்துவிட்டேன்.

ஆட்டோவில் போட்டுத் திருவள்ளூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் அந்த நம்பரை நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினாராம். அத்தனை மாதம் மேலேயே நின்ற சர்க்கரை தரைக்கு வந்திருந்தது. கையில் ஊசி ஏற்றி நேராக ரத்தக்குழாயில் மருந்தைச் செலுத்தினார்கள். லைட் போட்ட மாதிரி விழித்துக்கொண்டேன். ஸ்டாண்டில் பாட்டில் தொங்கியது. இது என்ன மருந்து என்று கேட்டேன். சர்க்கரைத் தண்ணீர் என்றார் நர்ஸ். நான் இன்னும் மயக்கத்தில்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

உடனே அனுப்பிவிடுவார்கள் என்று பார்த்தால் இல்லை. அந்தக் கிள்ளுகிற மாத்திரை உடம்பில் தங்கியிருந்து மறுபடி மறுபடி கிள்ளுமாம். ஏற்றினால் ஏறும், விட்டால் விழும். அதனால் படுக்கையிலேயே வைத்து மணிக்கொரு தரம் விரலைக் குத்தினார்கள். எந்த விரலைக் கொடுப்பது என்று தெரியாமல் கைகளைப் போர்வைக்குள் ஒளித்துக்கொள்கிற அளவுக்கு வந்துவிட்டேன். பில்லை அமுலு என் கண்ணில் காட்டவில்லை. தன் கழுத்துச் சங்கிலியைப் பற்றி நான் கேட்டபோது, வேர்வை அரிக்கிறது என்று கழற்றி வைத்திருப்பதாகச் சொன்னாள். லோகநாதன் தினமும் வேலைக்குப் போகிற ரயிலிலிருந்து திருவள்ளூரில் இறங்கி, நாஷ்டா கொடுத்துவிட்டு அடுத்த ரயிலில் போவான். வாயை ஊதச் சொன்னதற்கு அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. அதற்குப் பதிலாக இட்லி கொண்டுவந்தான்.

மருந்தின் வேகம் அடங்கிய பிறகு டாக்டருக்குக் குழப்பம் வந்தது. சின்ன வயது டாக்டரம்மா. ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் சோறு, இட்லி எல்லாம் உண்டு. பழைய முதல் மாத்திரை மட்டும்தான் கொடுத்தார்கள். ஆனாலும் என் சர்க்கரை ஓரளவு ஒழுங்காக நின்றது. மூன்று மாத சர்க்கரையைப் பார்த்தால் ஆகாயத்தில் இருக்கிறது. வீட்டில் பத்தியம், ஏறுகிறது. இங்கே சோறு, ஏறவில்லை. அமுலு என்னைப் பார்த்த பார்வையில், அம்மன் சத்தியம் மறுபடி எழுந்து வந்து நின்றது. டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"காலைல எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் வாய்க்குள்ள போறதெல்லாம் சொல்லுங்க. தண்ணி உள்பட."

சொன்னேன். கூழ், கீரை, மீன் எல்லாவற்றுக்கும் அமுலு தலையாட்டிக்கொண்டே வந்தாள்.

"தண்ணி?"

"கம்பெனித் தண்ணிதான் மேடம்."

"கம்பெனித் தண்ணின்னா?"

"டிரம்ல கலக்கி வெச்சிருப்பாங்க. எலுமிச்சம்பழம், உப்பு, குளுக்கோசு. கேன்ல புடிச்சிக்கினு மேல போய்டுவேன். தீந்துச்சின்னா மறுபடியும் புடிப்பேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். அமுலு ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள்.

"ஏன்யா, குளுக்கோசு இன்னா உப்பா?"

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. வெளியே இருப்பவர்களுக்கு இது புரியாது. எங்கள் மில்லில் அந்தத் தண்ணீர் சாப்பாட்டில் சேர்த்தி இல்லை. ஹெல்மெட், ஷூ, கையுறை வரிசையில் அதுவும் ஒன்று. குடிக்காமல் மேலே ஏறினால் சேஃப்டி ஆபீசர் கூப்பிட்டுத் திட்டுவார். உலைப் பக்கம் எவனாவது மயங்கி விழுந்தால் முதல் கேள்வியே தண்ணி குடிச்சானா என்பதுதான். சூடு மேலேதான் ஏறும், கேபினில் இருக்கிறவன் எல்லோரையும் விட அதிகம் குடிக்க வேண்டும். அந்த வேர்வையில், அந்த உப்பில், அது இனித்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. இனிப்பு சாப்பிட்டாயா என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். ஹெல்மெட்டைத் தின்றாயா என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு டாக்டரம்மா விளக்கினார். வேலை நாளில் நான் குடித்த குளுக்கோஸுக்கு ஈடாக மாத்திரையை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். லீவு நாளில் குளுக்கோஸ் இல்லை, மாத்திரை மட்டும் இருந்தது. என் நடுக்கமும் வேர்வையும் சர்க்கரை இறங்கியதற்கான எச்சரிக்கை. நான் அதற்குச் சோற்றை நிறுத்தியிருக்கிறேன். கேப்சூலிலும் சர்க்கரையை இறக்குகிற சரக்கு இருக்கலாம், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது, அதனால் வேண்டாம் என்றார். கிள்ளுகிற மாத்திரையை நிறுத்தினார். சிறுநீரில் சர்க்கரையைத் தள்ளிவிடுகிற மாத்திரை ஒன்று உண்டு, ஆனால் உலைப் பக்கம் உடம்பில் தண்ணீர் வற்றுகிற ஆளுக்கு அது சரிப்படாது என்று, சர்க்கரையை அளவுக்கு மேல் தாழ்த்தாத இன்னொன்றை எழுதினார். எனக்கும் பாதம் மதமதவென்றுதான் இருந்தது; அதற்குக் காரணம் சர்க்கரை மட்டும் இல்லை, முதல் மாத்திரை நாள்பட நாள்பட பி பன்னிரண்டு சத்தைக் குறைத்துவிடும் என்று டெஸ்ட் எடுத்து அந்த மாத்திரையும் கொடுத்தார். சித்தப்பாக்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இது என் உடம்புக்கு எழுதியது. யாரும் தாமாக மாத்திரையை நிறுத்த வேண்டாம், ஏற்ற வேண்டாம். வாய்க்குள் போவதையெல்லாம் டாக்டரிடம் சொல்லுங்கள், அது போதும்.

அன்றைக்குச் சாயங்காலம் அமுலு என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். "அந்தக் கலர நான் தட்டி உட்டேனே" என்றாள். அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அம்மன் சத்தியத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் பெருந்தன்மையாக நடந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் கொடுக்காமல் கம்பெனியில் லீவு கிடைக்காது. கொடுத்தேன், எல்லாம் வெளியே வந்தது. கம்பெனி டாக்டர் என்னைக் கிரேனிலிருந்து இறக்கிவிட்டார். தலைக்கு மேலே சுமை தொங்கும்போது நீ மயங்கினால் கீழே இருப்பவன் கதி என்ன என்று கேட்டார். மூன்று மாதம் சர்க்கரை ஒரு தரம்கூடத் தாழக் கூடாது, அந்த மூன்று மாத டெஸ்ட்டும் இறங்கியிருக்க வேண்டும், அப்போது பார்க்கலாம் என்றார். அதுவரைக்கும் லைட் டியூட்டி. லைட் டியூட்டி என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? தினமும் டிரம்மில் குளுக்கோஸ் கலக்குவது.

சேஃப்டி ஆபீசரிடம் போய், குளுக்கோஸ் போடாமல் எலுமிச்சையும் கொஞ்சம் உப்பும் மட்டும் போட்டு இன்னொரு டிரம் வைக்கலாமா என்று கேட்டேன். நல்ல மனுஷன், உடனே வைத்தார். ஆர்வக்கோளாறில், சர்க்கரை நோயாளிகளுக்கு மட்டும் என்று சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதி, எல்லோரும் கைரேகை வைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அந்த டிரம்மில் தண்ணீர் பிடித்தவன் நான் ஒருத்தன்தான். ஷிஃப்ட் முடிந்ததும் மிச்சத்தையெல்லாம் சாக்கடையில் கொட்டுவேன். கிழவன் குடிக்கிற டிரம் என்ற அர்த்தத்தில் நைனா டிரம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கேலி செய்தவர்களில் சிலர்தான் சாயங்காலம் சைக்கிள் ஸ்டாண்டில் சித்தப்பாவோடு வந்து நின்றார்கள்.

மூன்று மாதமும் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். கீழே நின்று, வேறொருவன் என் கிரேனை ஓட்டுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் சுமையை ஆட்டி ஆட்டித்தான் இறக்குவான். வீட்டில் அமுலு கருவி ஒன்று வாங்கிவைத்து விரலைக் குத்தினாள். கடம்பத்தூர் அரிசி மறுபடி வந்தது, அளவோடு. ஒரு நாளும் சர்க்கரை தாழவில்லை. டெஸ்ட் முடிவைப் பார்த்த கம்பெனி டாக்டர், என்னய்யா தின்றாய் என்று கேட்டார். சோறு என்றேன். ஃபிட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏணியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினேன். அது சர்க்கரையால் இல்லை.

மேலே போய் உட்கார்ந்த முதல் நாளே அதைப் பார்த்தேன். டீ நேரம், தரை காலியாக இருந்தது. ஒரு ஆள் என் உப்பு டிரம் பக்கம் வந்தார். இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். கீழே இருப்பவர்கள் யாரும் மேலே பார்ப்பதில்லை. பாட்டிலைத் திறந்து பிடித்தார். பாதி நிறைவதற்குள் யாரோ வருகிற சத்தம் கேட்டது போலிருக்கிறது. பிடித்ததை அப்படியே கையில் ஊற்றி, கை கழுவுகிறவர் மாதிரி கழுவிவிட்டுப் போய்விட்டார். உலைப் பக்கம் வேலை செய்கிற மனுஷன், தாகத்தோடு போனார். யார் என்று எழுதமாட்டேன். ஹெல்மெட் என்ன நிறம் என்றுகூட எழுதமாட்டேன்.

மறுநாள் சேஃப்டி ஆபீசரிடம், அந்த டிரம் வழியில் இடிக்கிறது சார் என்றேன். சிவப்பு எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, கக்கூசுக்குப் போகிற வழியில் பெரிய தூணுக்குப் பின்னால் தள்ளிவைத்தோம். அந்தப் பக்கம் எல்லோரும்தான் போகிறார்கள். யார் எதற்குப் போகிறார் என்று யாரும் கேட்க முடியாது. கேபினிலிருந்து பார்த்தால் மட்டும் அந்த இடம் தெரியும். நான் அன்றைக்கு அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கேனை எடுத்துக்கொண்டு இறங்கினேன். குழாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. டிரம்மைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் எலுமிச்சை விதைகள் கிடந்தன.

வீட்டில் சொன்னேன். யார் யார் குடித்தார்கள் என்று அமுலு துருவித் துருவிக் கேட்டாள். "மேலேர்ந்து பாத்தா ஹெல்மெட்டுதான் தெரியும். மூஞ்சி தெரியாது" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவும் இல்லை. இப்போது என் தண்ணீரை அவளே வீட்டில் கலந்து கேனில் கொடுத்தனுப்புகிறாள். டிரம்மை நம்பினால் எனக்கு மிஞ்சுவதில்லை.